ஸ்கொலசிப் பெயில் என்று ஒன்று இல்லை

பெறுபேறு வந்த இரவு தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணா, இவன் பெயில்." அதற்கு மேல் பேச்சு வரவில்லை. பின்னால் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. செத்தவீட்டில்தான் அப்படிக் குறைப்பார்கள். பிள்ளைக்கு வயது பத்து. வெட்டுப்புள்ளிக்கு 3 புள்ளி குறைவு.

முப்பது வருடம் ஆரம்ப வகுப்புகளில் படிப்பித்தவன் நான். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் பெயில் என்று ஒன்று கிடையாது. இருப்பதாக ஊர் முழுவதும் நம்புகிறது. வெட்டுப்புள்ளிக்கு மேலே போன பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை, கீழே நின்ற பிள்ளை மொக்குப் பிள்ளை என்பது எங்கள் தெருவில் சமய நம்பிக்கையை விட உறுதியாக இருக்கிறது. இந்த நம்பிக்கை பிழையானது. பிழை என்பதோடு நிற்காமல், பிள்ளைகளைக் கெடுப்பது.

வெட்டுப்புள்ளி எப்படி வருகிறது? இவ்வளவு தெரிந்தால் ஐந்தாம் ஆண்டுக்குப் போதும் என்று யாரும் உட்கார்ந்து தீர்மானித்த எல்லை அல்ல அது. கொடுக்க இருக்கும் உதவிப்பணம் இத்தனை பிள்ளைகளுக்கு என்று முதலில் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு மாவட்டத்தையும் மொழியையும் பிரித்து, மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் கோடு கீறுகிறார்கள். பந்தியில் இலை முடிந்த இடம் என்று வையுங்கள். இலை கிடைக்காதவனுக்குப் பசியில்லை என்று எவரும் சொல்வதில்லை.

ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். 2024இல் கோட்டைத் தாண்டியவர்கள் 50 ஆயிரத்துக்குச் சற்றுக் கூட. ஆறில் ஒருவர் என்று வையுங்கள். நாளைக்கே எல்லாப் பிள்ளைகளும் இரண்டு மடங்கு கெட்டிக்காரராகிவிட்டாலும் ஆறில் ஐந்து பேர் கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள். பிள்ளைகள் என்ன செய்தாலும் மாறாத ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு அடிக்கிறோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மொத்தப் புள்ளி 200. மூன்று இலட்சத்தை இருநூறாற் பிரித்தால் ஒரு புள்ளிக்குச் சராசரியாக 1500 பிள்ளைகள். அவர்கள் ஒரே சீராகப் பரந்து நிற்பதுமில்லை, சில இடங்களில் நெருக்கம் கூட. அந்த நெருக்கத்தில் 3 புள்ளி என்பது காய்ச்சலோடு எழுதியதா, கட்டம் மாறிக் கீறியதா, பென்சில் முனை உடைந்ததா என்பதில் போய்விடும். சந்தைத் தராசு காற்றுக்கு ஆடுகிறபோது கால் கிலோ கத்தரிக்காயைக் கூட நாங்கள் நம்பி வாங்குவதில்லை. பிள்ளை விஷயத்தில் மட்டும் ஒரு புள்ளியை நம்புகிறோம்.

கோடு ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2018இல் பல மாவட்டங்களில் 160ஐத் தாண்டி நின்றது, 2024இல் 140 அளவுக்கு இறங்கியது. ஆறு வருடத்தில் நாட்டின் பிள்ளைகளுக்கு மூளை 20 புள்ளி வற்றிவிட்டதா? வினாத்தாள் கடினமாக வந்தால் கோடு இறங்கும், இலகுவாக வந்தால் ஏறும். அதனால் "அவன்ர அண்ணன் 162 எடுத்தவன், இவன் 138தான்" என்று ஒரே வீட்டுப் பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பது வீண்வேலை. வேறு வேறு ஆண்டின் புள்ளிகள் வேறு வேறு படியால் அளந்தவை. மாவட்டம் மாறினாலும் கதை மாறும். ஒரே புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குக் கேக் வெட்டுவதும் மற்றவருக்கு முதுகில் விழுவதும் எந்த மாவட்டம் என்பதைப் பொறுத்தது.

பெற்றோர் மிகவும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. உதவிப்பணத்துக்கான மாவட்ட வெட்டுப்புள்ளி ஒன்று, பிரபல பாடசாலைகளில் ஆறாந்தரத்துக்கு அனுமதி கிடைக்கும் புள்ளி வேறொன்று. இரண்டாவது பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும், அங்கே இருக்கும் ஆசனங்களைப் பொறுத்தது. மாவட்டக் கோட்டைத் தாண்டிய பிள்ளைக்கு, கேட்ட பாடசாலை கிடைக்காமல் போகலாம். உதவிப்பணத்துக்கோ பெற்றோரின் வருமானத்துக்கும் எல்லை உண்டு, கோட்டைத் தாண்டிய எல்லாருக்கும் அது வராது. அந்தப் பணம்தான் எவ்வளவு? அண்மைவரை மாதம் 750 ரூபா, 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் 1500 ஆக்கினார்கள். ரியூசனுக்குக் கட்டிய காசைக் கூட்டிப் பார்த்த தகப்பன்மாருக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரவேண்டும்.

2024இல் நடந்ததை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமே என்பதுதான் எனக்கு வியப்பு. செப்டெம்பர் 15இல் பரீட்சை. முதலாம் வினாத்தாளின் 3 வினாக்கள் முன்கூட்டியே வெளியே போயிருந்தன. பெற்றோர் வீதிக்கு வந்தார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. டிசெம்பர் 31இல் தீர்ப்பு: அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி. தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் விடை தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் ஒரே புள்ளி சேர்ந்த பிறகும், அந்த ஆண்டின் ஒரு புள்ளி வித்தியாசத்தைக் கடவுள் எழுதியது போல் பதாகையில் அச்சடித்துத் தொங்கவிட்டோமே!

"ஏழைப் பிள்ளைக்கு ஏணி இது, இதையும் பழிக்கிறீரா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1940களில் கன்னங்கர கல்வி அமைச்சராக இருந்தபோது இலவசக் கல்வியோடும் மத்திய கல்லூரிகளோடும் சேர்ந்து வந்தது இது. கிராமத்துப் பிள்ளையைக் கண்டுபிடித்து, விடுதியில் இடம் கொடுத்து, படிக்க வைப்பதற்கான வழி. அந்த வழியால் ஏறி வந்த மனிதர்களை எனக்குத் தெரியும், அவர்கள் முன்னால் இன்றும் எழுந்து நிற்பேன். ஆனால் ஏணியை இப்போது யார் பிடித்திருக்கிறார்கள்? மூன்றாந்தரத்திலிருந்தே சனி, ஞாயிறு வகுப்பு, விடுமுறையில் கருத்தரங்கு, கட்டுக்கட்டாக மாதிரி வினாத்தாள். இதற்கெல்லாம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஏணியின் பாதியில் நின்றுதான் தொடங்குகிறது. ஏழைப் பிள்ளைக்குப் பண உதவி வேண்டும் என்றால் ஏழ்மையைப் பார்த்துக் கொடுங்கள். தோட்டத்து லயத்தில் இருக்கும் பிள்ளையும் கொழும்பில் வீட்டுக்கே ஆசிரியர் வந்து படிப்பிக்கும் பிள்ளையும் ஒரே தாளை எழுதினால் அது சமபோட்டி என்று என்னால் வாய் கூசாமல் சொல்ல முடியாது.

பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் திண்ணையில் மாதிரி வினாத்தாளோடு இருந்தான். முதலாந்தாள் 40 வினா, ஒரு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். மேசையில் மணிக்கூடு. 3, 6, 11, 18, அடுத்தது என்ன என்று ஒரு வினா. வாசித்து முடிக்கமுதலே 27 என்று எழுதிவிட்டான்.

"எப்படி வந்தது?"

"ஒற்றை எண் கூட்டுற டைப் மாமா. ஸேர் சொல்லித் தந்தவர்."

சரிதான். 3, 5, 7, 9 என்று கூட்டிக்கொண்டு போவது. "இதுமாதிரி நீயே ஒன்று செய்து தா பாப்பம், நான் கண்டுபிடிக்கிறன்" என்றேன். பென்சிலை வாயில் வைத்து யோசித்தான். பிறகு கேட்டான்: "அது பேப்பரில வருமா மாமா?"

பேப்பரில் வராது. ஒரு பிள்ளை தானாக ஒன்றைச் செய்து பார்ப்பது எந்தப் பேப்பரிலும் வராது. நுண்ணறிவு வினாத்தாள் என்று பெயர் வைத்துவிட்டு, அதற்கும் "டைப்" பிரித்து மனப்பாடம் செய்ய வைத்துவிட்டோம். பயிற்சி கூடக் கூடப் புள்ளி ஏறும். அப்படி ஏறிய புள்ளி எத்தனை "டைப்" பழகினான் என்பதைத்தான் அளக்கிறது. சொந்தமாக யோசிக்கிற பிள்ளை அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் யோசித்து முடிப்பதுமில்லை.

நானும் இதில் கை நனைத்தவன் என்பதை மறைக்கக்கூடாது. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் பெயரைப் பாடசாலை வாசலில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டவர்களில் நானும் ஒருவன். வலயத்தில் எத்தனை பேர் என்று கேட்பார்கள், அதிபர் என்னைக் கேட்பார், நான் பிள்ளையைக் கேட்பேன். ஒருமுறை, பெயர் வராத பிள்ளை ஒன்று அந்தப் பட்டியலைத் தாண்டிப் போகாமல் பின்வேலியால் நுழைந்து வகுப்புக்கு வந்தது. சட்டையில் வேலிக்கம்பி கிழித்திருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

"போட்டி உலகம், இப்பவே பழகட்டும்" என்கிறவர்களுக்குப் பெரிதாகப் பதில் சொல்ல விருப்பமில்லை. பத்து வயதில் நீ தோற்றவன் என்று கேட்டுப் பழகிய பிள்ளை போட்டிக்கா பழகுகிறது?

அப்படியென்றால் அந்தப் புள்ளியை வைத்து என்ன செய்வது? கொஞ்சம் செய்யலாம். கோட்டை மறந்துவிட்டு, மொத்தம் மிகவும் குறைவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 70க்கும் கீழே என்றால் வாசிப்பிலோ கணக்கிலோ அடிப்படையில் ஏதோ விட்டுப்போயிருக்கலாம், வகுப்பாசிரியரோடு கதையுங்கள். மற்றப்படி 120க்கும் 140க்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி அந்த இலக்கம் சொல்வது மிகக் குறைவு. பின்னக்கணக்கில் தடுமாறினானா, நேரம் போதவில்லையா என்பதை மொத்தம் சொல்லாது. இரண்டாந்தாளை எடுத்து, மணிக்கூட்டை மறைத்துவிட்டு, பிள்ளையோடு இருந்து ஒருமுறை செய்து பாருங்கள். அல்லது பேப்பரை வாங்கி ஒரு செய்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, என்ன விளங்கியது என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் அந்தப் பெறுபேற்றுத் தாளை விடக் கூடத் தெரிந்துகொள்வீர்கள்.

தங்கச்சிக்கு இதையெல்லாம் போனில் சொல்ல முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை போனேன். வீடு கொஞ்சம் தெளிந்திருந்தது. மருமகன் ஒரு கொப்பி ஒற்றையோடு வந்து முன்னால் நின்றான்.

"மாமா, நான் ஒன்று செய்தனான். 2, 3, 0, 4. அடுத்தது சொல்லுங்கோ."

கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன், ஒன்று விட்டு ஒன்று பார்த்தேன். ஒன்றரை நிமிடத்துக்கு மேலேயே போயிருக்கும். தோற்றேன் என்றேன்.

"எங்கட கோழியள் ஒவ்வொரு நாளும் போட்ட முட்டை" என்றான். "இண்டைக்கு இன்னும் போடேல்லை."