வேகமான பிராசசர் மட்டும் போதுமா?



மடிக்கணினி வாங்க வேண்டும் என்ற பேச்சு இன்று பல வீடுகளில் நடக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு நாள் நடக்கும். அதற்கு முன் நான் செய்த ஒரு தவற்றை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

2021ஆம் ஆண்டில் என் அண்ணன் தம் மகளுக்கு லேப்டாப் வாங்கப் புறப்பட்டார். சீட்டு எடுத்த பணம். இயற்பியல் ஆசிரியன் ஆயிற்றே என்று என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். விற்பனையாளர் பிராசசரின் பெருமையை அடுக்கினார், நானும் தலையாட்டினேன். ரேம் 4 ஜி.பி. என்பதும், உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க் என்பதும் பெட்டியின் மேலேயே அச்சாகியிருந்தன. நான் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

ஒரு மாதத்துக்குள் அண்ணன் மகள் வந்து நின்றாள். "சித்தப்பா, பிராசசர் நல்லது என்றுதானே வாங்கினோம்? ஆன்லைன் வகுப்பு நடக்கும்போது இன்னொன்றைத் திறந்தால் எல்லாம் நின்றுவிடுகிறது. நான் தட்டிய எழுத்து வெகு நேரம் கழித்துத்தான் திரையில் வருகிறது" என்றாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

மளிகைக் கடையும் கணிப்பொறியும்

ஒரு மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். எடை போடுபவர் ஒருவர். எதிரே ஐந்து வாடிக்கையாளர்கள். இவருக்குக் கொஞ்சம் பருப்பு, அவருக்குக் கொஞ்சம் சர்க்கரை என்று மாறி மாறிக் கவனித்தால், ஐவருக்கும் தம் வேலை நடப்பதாகவே தோன்றும். பிராசசரும் இப்படித்தான் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பல வேலைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர் 1961ஆம் ஆண்டிலேயே இம்முறையை இயக்கிக் காட்டினர். இன்றைய பிராசசருக்குள் எடை போடுபவர்கள் நால்வரோ எண்மரோ இருப்பார்கள், முறை அதேதான்.

அவர் கைக்கெட்டும் அலமாரிதான் ரேம். அடுத்த தெருவிலுள்ள குடோன்தான் ஹார்டு டிஸ்க். அலமாரி சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு சரக்கை எடுத்துவர இன்னொன்றைக் குடோனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பியதையே அடுத்த நொடியில் ஒருவர் கேட்பார். எடை போடுபவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கணிப்பொறியின் இந்த நிலைக்கு 'திராஷிங்' என்று பெயர். இதன் காரணங்களைப் பீட்டர் டென்னிங் 1968இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

காத்திருப்பு எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 ஜிகா ஹெர்ட்ஸ் பிராசசர் ஒரு வினாடியில் 300 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்குள் ஒளிகூட 10 சென்டிமீட்டர்தான் செல்ல முடியும்! இந்த ஒரு துடிப்பை ஒரு வினாடி என்று பெரிதாக்கிக் கொள்வோம்.

ரேமிலிருந்து ஒரு தகவல் வரச் சுமார் 100 நானோ வினாடி ஆகிறது. நம் அளவில் அது 5 நிமிடம். எஸ்.எஸ்.டி.யிலிருந்து வரச் சுமார் 100 மைக்ரோ வினாடி. அது மூன்றரை நாள். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்டு டிஸ்கில், தட்டு சுழன்று வரவும் அதன் கை நகரவும் சுமார் 15 மில்லி வினாடி ஆகும். நம் அளவில் அது ஏறத்தாழ 17 மாதம்! பொருள் வந்து சேர 17 மாதம் ஆகும் கடையில், எடை போடுபவரின் கை வேகத்தைக் கூட்டி என்ன பயன்?

இதை நாங்கள் சோதித்தும் பார்த்தோம். நல்லவேளையாக அந்த லேப்டாப்பில் ரேம் செருக இன்னோர் இடம் காலியாக இருந்தது. முதலில் 8 ஜி.பி. ரேமை மட்டும் சேர்த்தோம். எல்லாம் நின்றுபோகும் தொல்லை தீர்ந்தது. சில வாரங்களுக்குப் பின் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். கணிப்பொறி விழித்தெழ இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது, அரை நிமிடத்துக்குள் அடங்கியது. பிராசசர் அதேதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று ஆய்வுக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லும் விதியை, நான் கடையில் மறந்துவிட்டேன்.

என் கருத்து

ஆகவே, பாடம், எழுத்து, இணையம், வீடியோ வகுப்பு ஆகிய அன்றாட வேலைகளுக்கு முதலில் ரேமைப் பாருங்கள். 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி. 8 ஜி.பி.தான் இயலும் என்றால், பின்னால் கூட்டிக்கொள்ளக் காலி இடம் உண்டா என்று கேளுங்கள். சில மெல்லிய லேப்டாப்களில் ரேமைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். பிறகு மாற்ற முடியாது. விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. போதும் என்று குறிக்கப்பட்டிருப்பது குறைந்தபட்ச அளவு; கடையைத் திறக்க அது போதும், வியாபாரம் நடத்தப் போதாது. அடுத்து, எஸ்.எஸ்.டி. கட்டாயம். இவற்றுக்குப் பின், மிஞ்சும் பணத்துக்கு ஏற்ற நடுத்தரப் பிராசசர்.

பிராசசர் முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீடியோ தொகுப்பவருக்கும் பெரிய கணக்கீடுகள் செய்பவருக்கும் அது மிகத் தேவை. அதுபோல, அலமாரி பாதி காலியாக இருக்கும்போது அதை மேலும் பெரிதாக்குவதும் வீண் செலவே.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். ஆசிரியரின் அனுமதியோடு, பள்ளியிலுள்ள விண்டோஸ் கணிப்பொறியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். பிராசசர், ரேம், டிஸ்க் ஒவ்வொன்றும் எவ்வளவு உழைக்கின்றன என்பது திரையில் தெரியும். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்துபவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் அந்த அளவுகளைத் தாளில் குறித்து வாருங்கள். எது முதலில் நிரம்புகிறது என்று உங்களுக்கே புரியும்.

லேப்டாப் வாங்கும் நாளில் அந்தத் தாளையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். செலவாகப் போவது உங்கள் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.