பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள்... வீட்டிலேயே பாடம் சொன்ன அம்மாவுக்கு அடுத்து என்ன?

சேத்துப்பட்டு என்றதும் சென்னைக்காரர்களுக்கு மின்சார ரயில் நிலையமும் ஏரிப் பூங்காவும் நினைவுக்கு வரும். இது அந்தச் சேத்துப்பட்டு இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்கும் வந்தவாசிக்கும் போளூருக்கும் சாலை பிரிகிற ஊர். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, ஆரணி டவுனில் மட்டும் நெய்யப்படுவதில்லை. பக்கத்துத் தேவிகாபுரம் உட்பட இந்த வட்டாரத்து வீடுகளிலும் தறி ஓடுகிறது.

தறி இருக்கும் வீடு ஒரு பள்ளிக்கூடம். அப்பா தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருப்பார். அம்மா ஒரு பக்கம் ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். பிள்ளை அந்தச் சத்தத்திலேயே தவழ்ந்து, நடந்து, ஒருநாள் அறுந்த இழையைத் தானே பிணைக்கக் கற்றுக்கொள்ளும். பாவு எது, ஊடை எது, ஜரிகை எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கெல்லாம் புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. சொல்லிக்கொடுத்தவருக்கு 'டீச்சர்' என்ற பெயரும் கிடையாது. 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறியை நம்பி இருப்பவர்கள் 35.22 லட்சம் பேர். அதில் 72 சதவிகிதம் பெண்கள்.

இந்தப் பள்ளிக்கூடம் மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. மூடுவதும் ஆசிரியர்களேதான். "நீயாவது படி, இந்தத் தறி எங்களோட போகட்டும்" என்று சொல்லாத நெசவாளர் வீடு குறைவு. பிள்ளைகள் நர்சிங், பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் என்று படித்து சென்னைப் பக்கமும், செய்யாறு சிப்காட் பக்கமும் போய்விடுகிறார்கள். வீட்டில் மிஞ்சுவது தறியும், நாற்பத்தைந்து ஐம்பது வயதுத் தம்பதியும்.

இதற்கு முற்றிலும் வேறான இன்னொரு வீட்டுப் பள்ளிக்கூடமும் இருக்கிறது. அதுதான் 'ஹோம் ஸ்கூலிங்'. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் படிக்க வைப்பது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-வது பிரிவில் சொல்கிறது. சேர்க்காவிட்டால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. அதனால் சில குடும்பங்கள் இந்த வழியில் போய், 14 வயதுக்குப் பிறகு தேசிய திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்கின்றன.

மும்பையைச் சேர்ந்த மாளவிகா ராஜ் ஜோஷி நினைவிருக்கிறதா? ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வீட்டிலேயே படித்து, சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வாங்கி, 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் இடம் பிடித்தவர். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி-யில் சேர முடியாத அவரைச் சேர்த்துக்கொண்டது நம் சென்னை கணிதவியல் நிறுவனம். நாடு முழுக்க அந்தப் பெண்ணைக் கொண்டாடினார்கள். சரிதான். ஆனால், மகளுக்காக வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பாடத்திட்டம் போட்டவர் அவருடைய அம்மா. மகள் விமானம் ஏறிய மறுநாள் காலை அந்த அம்மா என்ன செய்தார் என்று ஒரு செய்தியாளரும் கேட்டதாகத் தெரியவில்லை!

பட்டுத் தறி வீடோ, அபார்ட்மென்ட் ஹோம் ஸ்கூலோ, இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். கடைசி மாணவர் வெளியேறும் நாளில் ஆசிரியருக்கு வழியனுப்பு விழா கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. அதே இரண்டு மூன்று வருடங்களில்தான் உடம்பும் மாறுகிறது, குடும்பமும் மாறுகிறது, வேலையும் இல்லாமல் போகிறது.

முதலில் கண்ணு... அப்புறம் மற்றதெல்லாம்!

நாற்பதைத் தொட்டதும் வாட்ஸ்அப்பைக் கையை நீட்டிப் படிக்க ஆரம்பிப்பீர்கள். நம் ஊரில் இதற்கு அழகான பெயர் இருக்கிறது, வெள்ளெழுத்து. பாடம் சொல்லும் அம்மாவுக்கு இது எரிச்சல். பட்டு இழை பிணைப்பவருக்கோ இது வருமானம். இழை தெரியாவிட்டால் வேலை மெதுவாகும், தவறு விழும், கூலியில் பிடிப்பார்கள். பல பேர் "வயசாயிடுச்சு, இனி தறி வேலை ஆகாது" என்று முடிவே எடுத்துவிடுகிறார்கள்.

அவசரப்படாதீர்கள். அஸ்ஸாமில் 40 வயதைத் தாண்டிய தேயிலை பறிக்கும் தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2018-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் முடிவு வந்தது. வேலைத் திறன் சுமார் 22 சதவிகிதம் கூடியிருந்தது. பங்களாதேஷில் 35 முதல் 65 வயதுள்ளவர்களிடம் செய்து 2024-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கண்ணாடி போட்டவர்களின் வருமானமே சுமார் 33 சதவிகிதம் உயர்ந்தது. ஆபரேஷன் இல்லை, மாத்திரை இல்லை, ஒரு சாதாரண மூக்குக்கண்ணாடி! முப்பது வருட அனுபவம் உள்ள ஒரு நெசவாளரை வீட்டுக்கு அனுப்பும் முன் இதையாவது செய்து பார்க்கலாம் இல்லையா?

அடுத்தது மாதவிடாய் நிற்கும் காலம். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டதாக அர்த்தம். அதற்கு முந்தைய சில வருடங்கள்தான் பாடாய்ப் படுத்தும். நடு ராத்திரியில் உடம்பு தீப்பிடித்த மாதிரி சூடாகி வியர்க்கும். தூக்கம் கெடும். காரணமே இல்லாமல் கோபம் வரும், அழுகை வரும். பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் பகலில் ஏழெட்டு மணி நேரமாவது இருவருக்கும் இடைவெளி கிடைக்கும். வீட்டுப் பள்ளியில் அதுவும் இல்லை. பதினாறு வயது ஹார்மோனும் நாற்பத்தாறு வயது ஹார்மோனும் ஒரே டேபிளில் எதிரெதிரே உட்கார்ந்து அல்ஜீப்ரா போட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? "உங்க அம்மா முன்ன மாதிரி இல்லை" என்று சொல்லும் கணவர்கள், டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று யோசிப்பது அபூர்வம்.

தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி சோர்வும் எரிச்சலும் வரும். அதனால் எல்லாவற்றையும் 'அந்த வயசு' கணக்கில் எழுதாமல் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மாதவிடாய் முழுமையாக நின்று ஒரு வருடம் கழித்து, ஒரு துளி ரத்தப்போக்கு இருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இதில் மட்டும் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' வேண்டாம். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் கர்ப்பப்பைவாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வரும்போது "சாருக்குப் பாருங்க" என்று கணவரை முன்னால் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

வருடக்கணக்கில் தரையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்தே இருந்த முதுகுக்கும் முழங்காலுக்கும் நடை வேண்டும். எலும்புக்குக் கேழ்வரகும் எள்ளும் முருங்கைக்கீரையும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

வேலையை விடுவது யார்?

நம் கண்ணெதிரே நடந்த கதை ஒன்று. உலக செஸ் சாம்பியன் குகேஷ், நான்காம் வகுப்புக்குப் பிறகு வழக்கமான பள்ளிப் படிப்பைத் தொடரவில்லை. அப்பா ரஜினிகாந்த், காது மூக்கு தொண்டை அறுவை சிகிச்சை நிபுணர். 2017-18 வாக்கில் அவர் தன் டாக்டர் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு நாடு நாடாகப் போனார். நுண்ணுயிரியல் படித்த அம்மா பத்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன். அந்த வெற்றியைத் தாண்டி இதில் பார்க்க வேண்டியது வேறு. அந்த வீட்டில் நின்றுபோனது அப்பாவின் தொழில், தொடர்ந்தது அம்மாவின் வேலை. அம்மாதான் வேலையை விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் பத்து வீட்டில் ஒன்பது வீடு, பேசாமலே அந்த முடிவை எடுத்துவிடுகிறது.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லா வீட்டு வேலைக்கு அதில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ள பெண்கள் 137 நிமிடம், ஆண்கள் 75 நிமிடம். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் இந்தப் பராமரிப்புக் கணக்கில்தான் வருகிறது. இவ்வளவும் செய்துவிட்டு, "என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால் "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்கிறோம்.

2023 செப்டம்பர் 15 அன்று பட்டு ஊரான காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைக்கு 'உதவித்தொகை' என்று பெயர் வைக்காமல் 'உரிமை' என்று வைத்தது, இந்த 'சும்மா'வுக்கு ஒரு பதில். மாதம் 1,000 ரூபாய் போதுமா என்பது வேறு பஞ்சாயத்து.

பிள்ளை போன பிறகு வீட்டில் இன்னொரு மாற்றமும் வரும். பத்துப் பதினைந்து வருடம் கணவனும் மனைவியும் பிள்ளையைப் பற்றியே பேசிப் பழகியிருப்பார்கள். திடீரென்று பேச விஷயம் இருக்காது. தறி வீட்டில் இது கொஞ்சம் பரவாயில்லை. பாவு, ஜரிகை விலை, முதலாளி கொடுக்க வேண்டிய கூலி என்று ஏதாவது ஓடும். அபார்ட்மென்ட் வீட்டில் டிவிதான் பேசும். இந்த நேரம் பார்த்து மாமியாருக்கோ அம்மாவுக்கோ உடம்பு சரியில்லாமல் போய், "நீதான் ஃப்ரீயா இருக்கியே" என்று அந்தப் பொறுப்பும் இதே பெண்ணிடம் வந்து சேரும். முதல் தடவை கேட்கும்போதே, கூடப் பிறந்தவர்களையும் உட்கார வைத்து நாள் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

நாற்பதுக்குள் ஒரு கதவு

பணக் கணக்கில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர 18 முதல் 40 வயதுக்குள் இருக்க வேண்டும். 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை உத்தரவாத ஓய்வூதியம். வருமான வரி கட்டுபவர்களுக்கு மட்டும் இப்போது இடமில்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்துக்கும் இதே 40 வயதுதான் எல்லை. பிள்ளை பத்தாவது எழுதும்போது அம்மாவுக்கு வயது 40-ஐத் தாண்டியிருக்கும். 'இவன் செட்டில் ஆகட்டும், அப்புறம் எனக்குப் பார்த்துக்கலாம்' என்று நினைத்தால், கதவு சாத்தியிருக்கும். 38, 39 வயதில் இதைப் படிப்பவர்கள் இந்த வாரமே வங்கியிலோ தபால் ஆபீஸிலோ விசாரியுங்கள். தாண்டியவர்களுக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம் (என்.பி.எஸ்.) இருக்கிறது. அதில் நீங்கள் போடுவதைப் பொறுத்தும் சந்தையைப் பொறுத்தும்தான் வரும், உத்தரவாதம் கிடையாது.

வேலை தேடுகிறவர்கள் பயோடேட்டாவில் 'குடும்பக் காரணங்களால் இடைவெளி' என்று எழுதுவதைப் பார்க்கலாம். பன்னிரண்டு வருடம் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் நடத்தி, திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்குப் பதிவு செய்து, எழுத வைத்துத் தேர்ச்சி பெற வைத்தவருக்கு இடைவெளி எங்கே இருக்கிறது? எந்தப் பாடம், எந்த வகுப்பு வரை, என்ன ரிசல்ட் என்று நேராகவே எழுதுங்கள். டியூஷன் சென்டருக்கும், சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான மையங்களுக்கும் இப்படி உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தர ஆட்கள் தேவை. தறி வீட்டுப் பெண்களும் அப்படித்தான். 'உதவிக்கு இருந்தேன்' என்று சொல்லாமல், நெசவாளர் அடையாள அட்டையைத் தங்கள் பெயரில் வாங்கிக்கொள்ள வேண்டும். கணவர் பெயரில் மட்டும் இருந்தால், திட்டம் எதுவும் உங்கள் பெயருக்கு வராது.

வீட்டில் இருந்த பெண்கள் பாடம் சொல்ல வெளியே வருவார்களா என்ற சந்தேகத்துக்கு, கொரோனாவுக்குப் பிறகே தமிழ்நாடு ஒரு பதில் பார்த்துவிட்டது. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, மாலை 5 மணி முதல் 7 மணி வரை தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தன்னார்வலர்களைக் கூப்பிட்டார்கள். தொடக்க வகுப்புக்கு பிளஸ் டூ, ஆறு முதல் எட்டு வரை நடத்த டிகிரி போதும். மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியம். சுமார் 2 லட்சம் பேர் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். திண்ணையிலும் மொட்டை மாடியிலும் கோயில் மண்டபத்திலும் பாய் விரித்து, ஒருவருக்கு இருபது பிள்ளைகள் என்று வகுப்பு நடந்தது. அதுவரை ரேஷன் கார்டில் 'இல்லத்தரசி'யாக இருந்தவர்களை, தெருப் பிள்ளைகள் "மிஸ்" என்று கூப்பிட்டார்கள்.