பஞ்சப்பூருக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே

ஆசிரியருக்கு,

திருச்சிராப்பள்ளியின் வெளியூர்ப் பேருந்துகள் 2025 ஜூலை மாதம் பஞ்சப்பூர் முனையத்துக்கு மாற்றப்பட்டது முதல் நடந்துவரும் விவாதம் பெரும்பாலும் முனையத்தின் பரப்பையும் கடைகளையும் பழைய நிலையத்தைச் சுற்றியிருந்த வணிகர்களின் இழப்பையும் பற்றியதாகவே இருக்கிறது. பேருந்தில் வந்து ரயிலேறுகிறவர், ரயிலில் வந்து பேருந்தேறுகிறவர் ஆகிய இரு சாராரும் இம்மாற்றத்தால் இழந்தது என்ன என்பதை மாநகராட்சியோ போக்குவரத்துக் கழகமோ ரயில்வே நிர்வாகமோ இதுவரை தம் பொறுப்பாகக் கருதியதாகத் தெரியவில்லை. இக்கடிதத்தின் கண்டனம் அந்த அலட்சியத்தைக் குறித்ததே.

வெளியூர்ப் பேருந்துகள் முன்பு நின்ற மத்தியப் பேருந்து நிலையம் நெரிசல் மிகுந்தது, இடம் போதாதது, மழைக்காலத்தில் சேறாகிவிடுவது. அதை நகருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆயினும் அந்தக் குறுகலான நிலையத்துக்கு ஒரு பெரும் சிறப்பு உண்டு. திருச்சி ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே சென்றடையும் தொலைவில் அது இருந்தது. ஒருவகை ஊர்தியிலிருந்து இறங்கி வேறுவகை ஊர்தியில் பயணத்தைத் தொடர்வதை, அதாவது போக்குவரத்துத் திட்டமிடுவோர் இடைமாற்றம் என்று குறிப்பிடுவதை, பெரும் பொருட்செலவில் உருவாக்க முயலும் நகரங்கள் பல இருக்க, திருச்சிக்கு அது எந்தத் திட்டமும் இல்லாமலேயே வாய்த்திருந்தது. சுமார் 408 கோடி ரூபாய் செலவில் புதிய முனையம் எழுப்பப்பட்டபோது, ஜங்ஷனுக்கும் பேருந்துக்கும் இடையே ஆறேழு கிலோமீட்டர் தூரம் புதிதாக முளைத்தது.

இத்தூரத்தால் மிகுதியாக வருந்துவோர் நகரவாசிகள் அல்லர். மாவட்டத் தலைநகராக இருந்தும் ரயில் நிலையமே இல்லாத பெரம்பலூர் போன்ற ஊர்களின் மக்களுக்குத் திருச்சி ஜங்ஷனே தங்கள் ஊரின் ரயில் நிலையம். அவர்களுடைய பேருந்து வடக்கிலிருந்து காவிரியைக் கடந்து, தேசிய நெடுஞ்சாலை வழியே மன்னார்புரத்தைத் தொட்டு, நகரின் தென்கோடியிலுள்ள பஞ்சப்பூரை அடைகிறது. ரயிலைப் பிடிக்க விரும்புகிறவர் ஒன்று மன்னார்புரத்தில் சாலையோரத்தில் இறங்கி ஆட்டோ தேட வேண்டும், அல்லது முனையம் வரை சென்று வந்த வழியே திரும்ப வேண்டும். முதியவருக்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் இவ்விரண்டில் எது எளிது என்று திட்டம் வகுத்தவர்கள் யோசித்திருப்பார்களா என்பது ஐயமே.

பகல் நேரத்தில் நகரப் பேருந்துகளுக்குக் குறைவில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம்; சிக்கல் இரவில்தான் தொடங்குகிறது. சென்னை எழும்பூரிலிருந்து மாலையிலும் இரவிலும் தெற்கு நோக்கிப் புறப்படும் விரைவு ரயில்களில் பல திருச்சியைத் தொடுவது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் செல்லும் விமானங்களிலும் சில இரவு வெகுநேரத்திலேயே வந்து புறப்படுகின்றன. நகரப் பேருந்துச் சேவையில் கணிசமான பங்கு தனியார் வசம் உள்ள ஊரில், வசூல் கிட்டாத அந்நேரத்தில் அவர்கள் வண்டியை ஓட்டுவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எனவே அரசுக் கழகமே அப்பொறுப்பை ஏற்றாக வேண்டும். ஏற்காத இடத்தில் ஆட்டோக்காரர் கேட்பதே கட்டணம் என்றாகிவிடுகிறது, அதற்காக ஆட்டோக்காரரை மட்டும் குறை சொல்வதும் முறையன்று.

புதுக்கோட்டை சாலையிலுள்ள விமான நிலையத்தின் கதையும் இதுவே. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் திறனுடன் 1,100 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் அமைந்த அதன் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. வளைகுடா நாடுகளுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் பிழைக்கச் செல்லும் டெல்டா மாவட்டத்தார் பெருமளவில் நம்பியிருக்கும் அந்நிலையத்தின் வாசலுக்கு ஊரிலிருந்து வாடகைக் கார் பிடித்து வருவதே இன்றும் பலருக்கு ஒரே வழியாக இருக்கிறது. விமானச் சீட்டுக்கே கடன்பட்டவர்கள் அந்தக் காருக்கும் சேர்த்துக் கடன்படுகிறார்கள்.

பேருந்து முனையம் மாநகராட்சியின் உடைமை, பேருந்து கும்பகோணம் கோட்டப் போக்குவரத்துக் கழகத்தின் உடைமை, ஜங்ஷன் தென்னக ரயில்வேயின் உடைமை, விமான நிலையம் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் உடைமை. நான்கு வாசல்களுக்கும் நான்கு உரிமையாளர் இருக்க, வாசல்களுக்கு இடையேயுள்ள சாலையில் நிற்கும் பயணிக்கு உரிமையாளர் எவரும் இல்லை. சென்னைக்கு அருகே கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது, பக்கத்திலேயே செல்லும் இருப்புப்பாதையில் அதற்குரிய ரயில் நிலையம் கட்டி முடிக்கப்பட்டிருக்கவில்லை. அதனால் பயணிகள் பட்ட பாடு நாடறிந்தது. ஒன்றரை ஆண்டுக்குப் பின் திருச்சியில் அதே வரிசையில், கட்டடம் முதலில், இணைப்பு பிறகு என்று செயல்பட்டதற்கு அறியாமையைக் காரணமாகக் காட்ட முடியாது.

பழைய இடத்துக்கே நிலையத்தைத் திருப்ப வேண்டும் என்பது இக்கடிதத்தின் வேண்டுகோள் அன்று. ஜங்ஷன், பஞ்சப்பூர், விமான நிலையம் ஆகிய மூன்றையும் இணைக்கும் பேருந்துகள் இருபத்து நான்கு மணி நேரமும் ஓட வேண்டும். அவற்றின் நேரம் ரயில், விமான வருகையோடு பொருத்தப்பட்டு மூன்று இடங்களிலும் எழுதி வைக்கப்பட வேண்டும். அவை சாதாரணக் கட்டணப் பேருந்துகளாக இருப்பது முக்கியம், ஏனெனில் 2021 முதல் நடைமுறையிலுள்ள மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கே பொருந்தும். சொகுசுப் பேருந்து என்று பெயர் மாற்றி விட்டால் அச்சலுகை பறிபோகும். முன்பணம் செலுத்திச் சீட்டுப் பெறும் ஆட்டோ நிலையங்களைக் காவல்துறை மேற்பார்வையில் முனையத்திலும் ஜங்ஷனிலும் இரவிலும் இயக்கலாம். திண்டுக்கல் இருப்புப்பாதை நகரின் தென்மேற்கு வழியாகவே செல்வதால், பஞ்சப்பூருக்கு எட்டும் தொலைவில் ஒரு நிறுத்தம் அமைக்க முடியுமா என்பதைத் தென்னக ரயில்வே ஆராய்ந்து அறிக்கையை வெளியிட வேண்டும். இவற்றுள் ரயில் நிறுத்தம் தவிர்த்த மற்றவற்றுக்குப் புதிய கட்டடமோ பெரும் நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் நான்கு நிர்வாகங்களையும் ஒரே மேசையில் அமர்த்தினால் போதும். அந்தக் கூட்டம் எந்தத் தேதியில் நடக்கும் என்பதை அறிவிக்கும்படி மாவட்ட நிர்வாகத்தை இவ்விதழ் வாயிலாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர்,
திருச்சிராப்பள்ளி.