கண்ணாடிக்கும் புள்ளி வைப்போம்

எங்கள் பாபநாசத்தில் இப்போது எழும்பும் வீடுகளின் முகப்பைக் கவனித்திருக்கிறீர்களா? மாடியில் ஆள் உயரத்துக்கு நீலக் கண்ணாடி. எதிரில் இருக்கும் தென்னையும் வானமும் அதில் அப்படியே தெரியும். பறவைக்கு அது இன்னொரு தோப்பு. நேராகப் பறந்துபோய் மோதுகிறது. பழைய ஓட்டு வீடுகளில் மரக்கதவும் இரும்புக் கம்பியும்தான். இந்தத் தொல்லை இல்லை.

ஐப்பசி வாக்கில் வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து ஆறுமணிக்குருவி வலசை வரும். காலையும் மாலையும் ஆறு மணிக்குக் கூவுவதால் அந்தப் பெயர். இரவில் பறந்து, களைத்து வந்து, சுவரிலும் கண்ணாடியிலும் மோதி விழுபவற்றில் அதுவும் உண்டு.

போன மாதம் எங்கள் தெருவில் விழுந்தது ஒரு மீன்கொத்தி. நாலு பேர் கூடிவிட்டோம். "வாயில ரெண்டு சொட்டுத் தண்ணி விடுங்க சார்" என்றார் ஒருவர். வேண்டாம் என்று தடுத்தேன். மயங்கியவருக்குத் தண்ணீர் கொடுப்பது நம் பழக்கம். ஆனால் பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. நாம் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். செருப்பு டப்பாவில் நாலைந்து ஓட்டை போட்டு, பழந்துணி விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடுங்கள். பூனை, காக்கை, குழந்தைகள் அண்டாத இடத்தில் வையுங்கள். தீனி, தண்ணீர் வேண்டாம். அடிக்கடி திறந்தும் பார்க்காதீர்கள். இருட்டும் அமைதியும்தான் மருந்து. ஒரு மணி நேரம் கழித்து வெட்டவெளியில் திறங்கள். பறக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சொல்லுங்கள். வீட்டில் வளர்க்க ஆசைப்பட வேண்டாம்; 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

அந்த மீன்கொத்தி பறந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தால், பறந்துபோன பறவையும் பிறகு எங்காவது செத்து விழும். அதனால்தான் சொல்கிறேன், டப்பாவோடு நம் கடமை முடியவில்லை.

அமெரிக்காவில் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36 கோடி முதல் 99 கோடி வரை பறவைகள் சாவதாக 2014இல் கணக்கிட்டார்கள். சிகாகோவில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற ஒரே கட்டடத்தில் 2023 அக்டோபர் 5ஆம் தேதி கிட்டத்தட்ட ஆயிரம் பறவைகள் செத்துக் கிடந்தன. மறு ஆண்டு அந்தக் கண்ணாடி முழுதும் சிறு புள்ளிகள் பதித்த படலம் ஒட்டினார்கள். சாவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

புள்ளி! நமக்குத் தெரியாததா? வெள்ளைப் பெயிண்டால் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக, கண்ணாடியின் வெளிப்பக்கம் வைக்க வேண்டும். பிம்பம் விழுவது அங்கேதான். மூலைக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப் பயனில்லை. புள்ளி பிடிக்காதவர்கள் வெளியே வலை கட்டலாம்.

"வீட்டின் அழகு கெட்டுவிடும் சார்" என்கிறார்கள். வாசலில் தினமும் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறோமே, அதனால் எந்த வீட்டின் அழகு கெட்டது? புதிதாக வீடு கட்டும் நண்பர்கள் கண்ணாடி வாங்கும் முன் ஒரு நிமிடம் இதை யோசியுங்கள்.