குளியலறையில் அமாவாசை

சங்கரன்கோவிலில் புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். (கட்டி முடித்தவர்கள் படித்துவிட்டு என்னைத் திட்டிக்கொள்ளலாம்.) வாசலுக்குக் கிளிப்பச்சை, மாடிக்கு வாடாமல்லி, காம்பவுண்டுக்கு ஆரஞ்சு என்று எதை வேண்டுமானாலும் அடியுங்கள். உங்கள் வீடு, உங்கள் பணம். பாத்ரூமை மட்டும் கறுப்பாக்காதீர்கள்.

சென்னை, கோவை ஃப்ளாட் விளம்பரங்களில் பார்த்த சமாச்சாரம் இப்போது சின்ன ஊர் டைல்ஸ் கடை வரை வந்துவிட்டது. சுவர் கறுப்பு, தரை கறுப்பு, வாஷ்பேசின் கறுப்பு, குழாய் மட்டும் தங்க நிறம். 'போல்ட் கலர்' என்று பெயர். "அண்ணாச்சி, வெள்ளையெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். இப்ப இதான் ஓடுது" என்பார் கடைக்காரர். குஜராத்தின் மோர்பியில் லாரி ஏறி வந்து இறங்கிய பெட்டிகள் அவருக்குக் காலியாக வேண்டும். உங்கள் போரில் வருவது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா என்று அவர் கேட்கமாட்டார். வீட்டில் எழுபது வயசு ஆத்தா இருக்கிறாரா என்றும் கேட்கமாட்டார்.

நிறத்துக்கு நான் விரோதி இல்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படி இருக்கவும் முடியாது. பாதி சிவன், பாதி திருமால் என்று ஒரே உடம்பில் இரண்டு கோலம் காட்டுகிற சங்கரநாராயணர் இருக்கிற ஊர். நம் கோவில் மதில்களில் காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாக மாறி மாறி வருவதைவிட 'போல்ட்' எது? கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றிச் செய்கிற ஆத்தங்குடிக் கல்லும், தாத்தா காலத்துச் சிவப்பு ஆக்சைடு தரையும் நம்முடையவைதான். நமக்கு நிறம் சொல்லித்தர யாரும் வரவேண்டியதில்லை. நான் கேட்பது, இந்த நிறம் யாருக்காக என்பதுதான். கிரகப்பிரவேசத்துக்கு வந்து எட்டிப்பார்த்துவிட்டு 'அடேயப்பா' சொல்லிப் போகிறவருக்கா, தினமும் விடிகாலை நாலரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் உள்ளே போகிறவருக்கா?

மோகத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் கோலர் கம்பெனி 1927-ல் கலர் கலராகப் பாத்ரூம் சாமான்களை விற்க ஆரம்பித்தது. அடுத்த வருஷமே கறுப்பும் வந்தது. அறுபதுகளின் கடைசியில் அவகாடோ பச்சை பரவி, பிறகு அதே பச்சை கேலிப்பொருளாகி, ஆட்களை வைத்து உடைத்து எடுத்தார்கள். பிடிக்காத சேலையை பீரோவின் அடியில் தள்ளிவிடலாம். கம்மோடு சிமென்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

சரி, உப்புக்கு வருவோம். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீட்டில் பளபளக்கும் கறுப்பு டைலில் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை வட்டம் வரைந்துவிட்டுப் போகும். தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து அது. வெள்ளைச் சுவரில் அது தெரியாது. கறுப்பில் ஒரே மாதத்தில் திருநீறு பூசின மாதிரி ஆகிவிடும். அப்புறம் என்ன? ஆசிட். ஆசிட் உப்பை எடுக்கும், கூடவே டைல்களுக்கு நடுவில் இருக்கிற சிமென்ட்டையும் தின்னும், அதன் வழியே தண்ணீர் சுவருக்குள் இறங்கும். இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின், முதல் உலகப்போரில் படைவீரர்களைக் கொன்ற வாயு. ஜன்னல் சின்னதாக, கதவு சாத்தியிருக்கிற ஐந்துக்கு ஏழு அறையில் அதை மூச்சிழுக்கப் போவது டிசைனர் இல்லை. வீட்டுப் பெண்களோ, வேலைக்கு வருகிற அம்மாவோதான்.

கண் விஷயம் இன்னும் முக்கியம். வயதாக ஆக விழி லென்ஸ் மஞ்சளாகிறது, பாப்பா சுருங்குகிறது. இருபது வயதுக்காரர் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. அவரைக் கொண்டுபோய் கறுப்புத் தரை, கறுப்புச் சுவர், கறுப்புக் கம்மோடு, மங்கலான 'மூட் லைட்' என்று அடைத்தால் தரை எங்கே முடிகிறது, படி எங்கே ஆரம்பிக்கிறது என்று எப்படித் தெரியும்? மறதி நோய் உள்ளவர்களுக்குக் கறுப்புத் தரை பள்ளம் மாதிரியே தோன்றுமாம். காலை வைக்கவே பயப்படுவார்கள். கீழே விழுந்து உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகம் அடிபடுவது அறுபதைத் தாண்டியவர்கள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டாம்.

தரை டைல் வாங்கும்போது 'ஆன்டி ஸ்கிட்' என்று சொன்னாலே போதும் என்று நம்பாதீர்கள். ஆர்9, ஆர்10, ஆர்11 என்று எண் சொல்வார்கள். அது பூட்ஸ் போட்டுக்கொண்டு எண்ணெய் தடவின சரிவில் நடந்து பார்க்கிற ஜெர்மன் சோதனை. நாம் பூட்ஸ் போட்டுக் குளிப்பதில்லை. வெறுங்காலோடு ஈரத்தில் நடப்பதற்கு ஏ, பி, சி என்று தனி வகை இருக்கிறது. அதைக் கேளுங்கள். கடைக்காரர் முழித்தால், டைலில் தண்ணீரைக் கொட்டிச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்னொன்று. பாம்பு, தேள் உருவத் தகடு வாங்கி உண்டியலில் போட்டு, பூச்சி பொட்டு அண்டாமல் இருக்கப் புற்றுமண் எடுத்துப்போகிற கோவில் நம்முடையது. வேண்டுதலையும் செய்துவிட்டு, சாக்கடைக் குழி வழியாக ஏறி வருகிற கருந்தேள் ஒளிந்துகொள்ள வாகாகக் கறுப்புத் தரையும் போட்டுக் கொடுத்தால் கோமதியம்மன்தான் என்ன செய்வாள்?

போல்ட் கலர் வேண்டுமென்றால் வேண்டிய இடத்தில் போடுங்கள். சுவர் வெளிர் நிறம், தரை அதைவிட ஒரு மாற்று அழுத்தம், படி விளிம்பில் மிளகாய்ச் சிவப்பில் ஒரு பட்டை, கம்மோடு சீட் சுவரிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிகிற நிறம், சுவரோரம் மஞ்சளில் ஒரு கைப்பிடி. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியும் இந்த நிற வேறுபாட்டைத்தான் வற்புறுத்துகிறது.

கைப்பிடி என்றாலே 'ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே' என்று முகம் சுளிக்கிறார்கள். தங்கக் குழாய்க்குக் கொடுக்கிற காசில் நல்ல கைப்பிடி இரண்டு வரும். டவல் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஆள் பாரம் தாங்காமல் கம்பி கையோடு வந்துவிடும். டைல் ஒட்டுவதற்கு முன்னாலேயே மேஸ்திரியிடம் சொல்லி, கைப்பிடி வருகிற இடத்தில் சுவரைப் பலமாக வைக்கச் சொல்லுங்கள். ஒட்டின பிறகு ட்ரில் போட்டால் டைல் விரிசல் விடும். "நான் அப்பவே சொன்னேன்லா" என்பார், சொல்லியிருக்கவே மாட்டார்.