செங்கம்: பாட்டும் கல்லும்

சவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாற்றின் கரையில் உள்ள செங்கத்தை, திருவண்ணாமலைக்கும் பெங்களூருக்கும் நடுவே பேருந்து நிற்கும் ஊராகவே நம்மில் பலர் அறிவோம். சங்க இலக்கியத்தில் அது செங்கண்மா. நன்னன்சேய் நன்னனின் நகர். பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய மலைபடுகடாம் கூத்தரை அனுப்புவது இவ்வூருக்குத்தான். எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருக்கும், எங்கே நடுகல் நிற்கும் என்று கைகாட்டிச் செல்லும் பாட்டு அது. வகுப்பறையில் நாம் அதைத் திணையும் துறையுமாகக் கூறுபோட்டு, வழியைத் தொலைத்துவிடுகிறோம்.

கற்கள் தொலையவில்லை. 'செங்கம் நடுகற்கள்' என்ற தொகுப்பைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்டது. இவ்வட்டாரத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்று உண்டு. மாண்ட வீரனின் அருகே, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அவனது நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். மன்னர் பெயர்களை மனப்பாடம் செய்த நாம், பல ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகே இப்பெயரை அறிந்தோம் என்பது வெட்கத்துக்குரியது.

மலைபடுகடாம் நடத்துவோர் ஒருநாளேனும் மாணவரைச் செங்கத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பாடத்திட்டத்தில் இடமில்லை என்பார்கள். கல்விச் சுற்றுலா என்று ஊட்டிக்குப் போக மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது.