மார்பளவு மூச்சளவு அல்ல

நெஞ்சு அகலமாக இருந்தால் நுரையீரல் வலுவாக இருக்கும் என்ற நம்பிக்கை உடற்பயிற்சிக் கூடத்தோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். அது தேர்வு விதியாகி இளைஞர்களின் வேலையைப் பறிக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு வரும் ஆணுக்கு மார்பு 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். 4 செ.மீ. விரிந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிக்காட்டும் வாய்ப்புகூட அவருக்குக் கிடைப்பதில்லை. இது அநியாயம்.

இந்த நம்பிக்கை தவறென்பது நேற்றுத் தெரிந்ததல்ல. ஸ்பைரோமீட்டரை உருவாக்கிய ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஹட்சின்சன், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அதில் ஊதவைத்து 1846இல் முடிவுகளை வெளியிட்டார். அவர்களில் போலீஸ்காரர்களும் படைவீரர்களும் குத்துச்சண்டைக்காரர்களும் உண்டு. ஒருவர் ஊதித் தள்ளும் காற்று அவருடைய உயரத்தோடு சீராகக் கூடியது: ஓர் அங்குலத்துக்கு 8 கன அங்குலம், ஏறத்தாழ 130 மில்லிலிட்டர். மார்புச் சுற்றளவோ உடல் எடையோடுதான் ஒத்துப்போனது.

காரணம் எளிது. மூச்சிழுப்பதில் பெரும்பங்கு உதரவிதானத்துடையது. அது கீழ்நோக்கி இறங்குகிறது. நெஞ்சைச் சுற்றிய டேப்பில் அந்த இறக்கம் பதிவாகாது. டேப் விலாவையும் தசையையும் கொழுப்பையும் சேர்த்தே அளக்கிறது. தண்டால் எடுத்து மார்பை ஏற்றியவருக்குச் சுற்றளவு கூடும், நுரையீரல் அப்படியேதான் இருக்கும். தொப்பை வைத்தவருக்கோ மார்பளவு தாராளமாக வரும். உள்ளே வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சுக்கான இடத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். அவர் தேறிவிடுவார். ஒல்லியான, நெடிய ஓட்டக்காரர் வெளியே நிற்பார். முதுகெலும்பு இறுகும் நோயைக் கண்டறிய மருத்துவர்கள் மார்பு விரிவை அளப்பது உண்மைதான். அது நோயாளிக்கான சோதனை. மைதானத்தில் வரிசையில் நிற்கும் ஆரோக்கியமான இளைஞருக்கானதல்ல.

பெண்கள் விஷயத்தில் இந்தத் தவறு அவமானமாகவும் மாறுகிறது. ஒரே உயரமுள்ள ஆணைவிடப் பெண்ணுக்கு நுரையீரல் கொள்ளளவு குறைவு. அதைப் பலவீனம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நுரையீரல் பரிசோதனையில் வயது, உயரம், பாலினம் மூன்றையும் வைத்து, இவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணித்து, அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஊதும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளியேறும் பங்கு இளம்பெண்களுக்கு ஆண்களுக்குக் குறைவானதல்ல. சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் ராஜஸ்தான் வனக்காவலர் தேர்வில், உடல்திறன் தேர்வில் தேறிய பெண்களை மார்பளவு காட்டி நிராகரித்தார்கள். 2023 ஆகஸ்டில் அம்மாநில உயர் நீதிமன்றம் இந்த அளவுகோலைக் கடுமையாகக் கண்டித்தது. மார்பளவு நுரையீரல் திறனைக் காட்டிவிடாது, அதை அளப்பது பெண்ணின் கண்ணியத்தைக் காயப்படுத்துகிறது என்று சொல்லி, நிபுணர்களைக் கேட்டு மாற்று வழி காணும்படி அரசுக்கு உத்தரவிட்டது.

தமிழ்நாட்டுக் காவல்துறை பெண்களின் மார்பை அளப்பதில்லை. உயரம் பார்க்கிறது, ஓடவைக்கிறது, பணியில் சேர்க்கிறது. அவர்களும் அதே இரவு ரோந்துக்குத்தான் போகிறார்கள். அப்படியிருக்க ஆண்களுக்கு மட்டும் இந்த 5 செ.மீ. எதற்கு? ஓடவிடுங்கள். அதன் பிறகும் நுரையீரலில் சந்தேகம் இருந்தால், அரசு மருத்துவமனைக்கு அனுப்பி ஸ்பைரோமீட்டரில் ஊதச்சொல்லி, அவருடைய உயரத்துக்கும் வயதுக்கும் உரிய அளவோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.